பூட்டி வைத்த அறிக்கை

2024 நவம்பர் 30ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியது. கரையேறிய பிறகும் நகராமல் அங்கேயே நின்றது. மறுநாள் காலை எட்டரை மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் நம் விழுப்புரம் மாவட்டத்து மயிலத்தில் பதிவான மழை 51 சென்டிமீட்டர். கூட்டேரிப்பட்டு கூட்ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்குகிற பாதிப் பேர் போகிற ஊர் மயிலம். அன்று விடிந்தபோது இந்தச் சுற்றுவட்டாரத்தில் எது ஏரி, எது வயல், எது சாலை என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியவில்லை.

கரண்ட் போன அந்த இரவில், சார்ஜ் தீரும்வரை செல்போனில் ஒரு வெள்ளைச் சுழலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிற இன்சாட் வகைச் செயற்கைக்கோள்கள் எடுத்து அனுப்புகிற படம் அது. அதில் புயல் தெரியும். புயலுக்கு அடியில் கிடக்கிற மயிலமும் பக்கத்து ரெட்டணையும் தெரியாது, மேகம் மறைத்துவிடும். எந்த ஏரி உடைந்தது, எந்தக் கிராமம் தீவானது, எத்தனை ஏக்கர் முழுகியது என்பதை அந்த நேரத்திலேயே மேலிருந்து பார்க்க வேண்டுமானால் மேகத்தையும் இருட்டையும் துளைக்கிற ரேடார் கண் வேண்டும்.

அப்படியொரு கண்தான் இஓஎஸ்-09. 1,696 கிலோ எடை. நுண்ணலையைக் கீழே அனுப்பி, அது பட்டுத் திரும்பி வருவதைக் கொண்டு படம் வரைகிற செயற்கைக்கோள். ஏற்கெனவே மேலே இருக்கிற ரேடார் செயற்கைக்கோள்களோடு இதுவும் சேர்ந்திருந்தால், ஒரே இடத்தை இன்னும் அடிக்கடி பார்த்திருக்க முடியும். 2025 மே 18 காலை 5.59 மணிக்கு பிஎஸ்எல்வி-சி61 ராக்கெட் அதைச் சுமந்துகொண்டு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பியது. முதல் இரண்டு அடுக்குகள் சரியாக எரிந்தன. மூன்றாம் அடுக்கு எரியும்போது மோட்டாருக்குள் அழுத்தம் குறைந்தது. இஓஎஸ்-09 சுற்றுப்பாதையைத் தொடவில்லை.

காரணம் கண்டறியக் குழு அமைத்தார்கள். ஆனால் அது கண்டறிந்தது என்ன என்பது, அடுத்த பிஎஸ்எல்வி பறக்கும் நாள்வரை மக்கள் முன் வைக்கப்படவில்லை. அந்த நாள் 2026 ஜனவரி 12. பிஎஸ்எல்வி-சி62 கிளம்பியது. மறுபடியும் மூன்றாம் அடுக்கு. அது எரிந்து முடிகிற கட்டத்தில் ராக்கெட் தடுமாறிப் பாதை விலகியது. இஓஎஸ்-என்1 என்ற முதன்மைச் செயற்கைக்கோளும், உடன் சென்ற 15 சிறிய கலங்களும் போயின. அவற்றில் இளம் நிறுவனங்கள் செய்தவையும் இருந்தன, வெளிநாட்டார் நம்பிக் கொடுத்தவையும் இருந்தன.

ராக்கெட் விழுந்ததற்காக இஸ்ரோவை நாம் குறை சொல்லவில்லை. விண்வெளி அப்படித்தான். ஆனால் விழுந்த காரணத்தை, அதற்குப் பணம் கொடுத்த மக்களிடமிருந்து பூட்டி வைத்துக்கொண்டு அடுத்ததை ஏவியது தவறு. நிர்வாகத் தவறு மட்டுமல்ல, அறத் தவறு. இது நம் தீர்ப்பு. இதை விழுப்புரம் மாவட்டத்திலிருந்து சொல்ல நமக்குத் தனி உரிமை உண்டு என்றும் நம்புகிறோம்.

ஏனென்றால், தோல்வியை எப்படிக் கையாள வேண்டும் என்று இந்த நாட்டுக்குக் காட்டிய குழுவின் தலைவர் நம் மாவட்டத்துக்காரர். சந்திரயான்-3 திட்ட இயக்குநர் ப. வீரமுத்துவேல் விழுப்புரத்தில் பிறந்தவர். தந்தை ரயில்வே ஊழியர். விழுப்புரம் ரயில்வே பள்ளியில் படித்து, இங்கேயே பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்து, பிறகு பொறியியல் படித்து 2004இல் இஸ்ரோவில் சேர்ந்தவர். சென்னை ஐஐடியில் அவர் முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்ட பொருளைச் சற்றுக் கவனிக்க வேண்டும். ராக்கெட் மேலே போகும்போது உண்டாகிற அதிர்வு, செயற்கைக்கோளுக்குள் இருக்கிற மின்னணுப் பலகைகளை உலுக்கி எடுக்கும். பற்றவைத்த இணைப்புகள் விட்டுப்போகும். அந்த அதிர்வைத் தணிக்க, சிறு கூட்டுக்குள் பொடிக் குண்டுகளைப் போட்டுப் பலகையோடு பொருத்துகிற முறையை அவர் ஆராய்ந்தார். பலகை ஆடும்போது குண்டுகள் ஒன்றோடொன்று மோதி ஆட்டத்தின் வேகத்தைத் தாங்களே வாங்கிக்கொள்ளும். குழந்தையின் கிலுகிலுப்பைதான் நினைவுக்கு வருகிறது. நிலவில் இறங்கிய கலத்தின் பின்னால், ஒரு பற்றவைப்பு விட்டுப்போனால் என்ன ஆகும் என்று ஆண்டுக்கணக்கில் கவலைப்பட்ட மனம் இருக்கிறது.

அந்தக் கவலைக்குப் பொறியாளர்கள் வைத்திருக்கிற பெயர் சிஸ்டம்ஸ் இன்ஜினியரிங். ஒரு செயற்கைக்கோளில் ஆயிரக்கணக்கான பாகங்கள். ஒவ்வொன்றையும் ஒரு குழு செய்கிறது. ஒவ்வொரு குழுவும் தன் பாகம் சரி என்று கையெழுத்துப் போடுகிறது. அத்தனையும் சரியாக இருந்தும் கோள் செத்துப்போகலாம். பாகத்துக்கும் பாகத்துக்கும் நடுவிலுள்ள இடத்தை யாரும் பார்க்காமல் விட்டால் அதுதான் நடக்கும். அந்த நடு இடத்தைப் பார்ப்பதும், இது போனால் எது போகும், அது போனால் என்ன மிஞ்சும் என்று கலம் கிளம்பும் முன்பே உட்கார்ந்து பட்டியல் போடுவதும், ஒவ்வொரு பட்டியலுக்கும் ஒரு சோதனை வைப்பதும்தான் அந்த வேலை.

நம் ஊர்க் கண்ணால் பார்த்தால் இது புரியாத விஷயமல்ல. பங்குனி உத்திரத்தில் மயிலத்தில் தேர் இழுக்கிறோம். வடம் பிடிப்பவர்கள் ஆயிரம் பேர். ஆனால் தேரைக் காப்பாற்றுவது சக்கரத்தடியில் குனிந்து முட்டுக்கட்டை போடுகிற சிலர். தேர் நேராகப் போகும் என்று நம்பி அவர்கள் வேலை செய்வதில்லை. சரிவில் சறுக்கும், திருப்பத்தில் சாயும் என்று எண்ணித்தான் கட்டையோடு நிற்கிறார்கள். தேர் நிலைக்கு வந்து சேருவது அந்தச் சந்தேகத்தால்.

2019 செப்டம்பர் 7 அதிகாலையில் சந்திரயான்-2இன் தரையிறங்கு கலமான விக்ரம் நிலவில் மோதி நொறுங்கியபோது, அந்தச் சந்தேகம் போதவில்லை என்பது தெரிந்தது. 2023 ஜூலையில் இஸ்ரோ தலைவராக இருந்த எஸ். சோமநாத் அதன் காரணங்களை விளக்கினார். ஐந்து எஞ்சின்களும் எதிர்பார்த்ததைவிடக் கூடுதல் உந்துவிசை தந்தன. அதனால் சேர்ந்த பிழையைத் திருத்த வேண்டிய நேரத்தில், கலம் படம் எடுப்பதற்காக அசையாமல் இருக்க வேண்டியிருந்தது. பிழை சேர்ந்துகொண்டே போனது. கடைசியில் வேகமாகத் திரும்ப வேண்டியபோது, அவ்வளவு வேகமாகத் திரும்ப மென்பொருள் விடவில்லை. போதாக்குறைக்கு, இறங்கக் குறித்த இடம் 500 மீட்டருக்கு 500 மீட்டர். எஞ்சின் கெட்டுப்போகவில்லை. மென்பொருளும் எழுதியபடிதான் நடந்தது. ஒன்றின் சிறு பிழை மற்றொன்றின் வரம்போடு மோதியது. பாகங்களுக்கு நடுவிலுள்ள இடம் என்று சொன்னோமே, அதில்தான் விக்ரம் விழுந்தது.

அடுத்த கலத்தை, தோற்கக்கூடிய வழிகளையெல்லாம் முன்னே வைத்து வடிவமைத்தோம் என்றார் சோமநாத். சொன்னபடியே செய்தார்கள். நடு எஞ்சினை எடுத்துவிட்டு நான்கோடு நிறுத்தினார்கள். கால்களை வலுவாக்கினார்கள், நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் தரையைத் தொடலாம் என்றிருந்ததை 3 மீட்டராக உயர்த்தினார்கள். எரிபொருளைக் கூட்டினார்கள். வேகத்தை நேரடியாக அளக்க லேசர் கருவி ஒன்றைச் சேர்த்தார்கள். இறங்கும் இடத்தை 500 மீட்டரிலிருந்து கிலோமீட்டர் கணக்குக்கு அகலமாக்கினார்கள். ஹெலிகாப்டரில் கட்டிப் பறக்கவிட்டும், கிரேனில் தொங்கவிட்டும் சோதித்தார்கள். நிலவின் மண்ணைப் போன்ற மண் வேண்டுமென்று நாமக்கல் மாவட்டத்தின் சித்தம்பூண்டி, குன்னமலைப் பகுதிப் பாறையைப் பொடித்துப் பரப்பிய தரை இதற்காகவே பெங்களூரில் இருந்தது. 2023 ஆகஸ்ட் 23 மாலை 6.04 மணிக்கு அந்தக் கால்கள் நிலவைத் தொட்டன. விழுப்புரம் பெருமைப்பட்டது. பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால் எதற்காகப் பெருமைப்பட்டோம் என்பதை மறந்துவிடக் கூடாது. நான்கு ஆண்டுகள் தன் தவற்றை நேருக்கு நேர் பார்த்த நேர்மைக்காகத்தான்.

அந்த நேர்மை ஒரு கட்டடத்துக்குள் அடங்கியிருந்தால் போதாதா, வெளியே சொல்லித்தான் ஆக வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு இரண்டு பழைய கதைகளைச் சொல்ல வேண்டும்.

முதலாவது ஐரோப்பாவில் நடந்தது. 1996 ஜூன் 4இல் ஏரியன்-5 ராக்கெட் தன் முதல் பயணத்திலேயே, கிளம்பி 40 விநாடிகூட ஆகுமுன் சிதறியது. திசை காட்டும் கணினியில் ஒரு பெரிய எண்ணைச் சிறிய இடத்துக்குள் அடைக்கப் பார்த்தபோது அது நின்றுபோனது. ஒன்று நின்றால் இன்னொன்று என்று மாற்றுக் கணினியும் வைத்திருந்தார்கள். அதிலும் அதே மென்பொருள். அதுவும் அதே இடத்தில் நின்றது. ஏரியன்-4க்காக எழுதியதை, இந்த ராக்கெட்டின் பாதைக்கு ஒத்துவருமா என்று சோதிக்காமல் எடுத்துப் போட்டிருந்தார்கள். இவ்வளவும் இன்று உலகத்துக்கே தெரியும். ஏனென்றால் விசாரணைக் குழு தன் அறிக்கையை இரண்டு மாதத்துக்குள் வெளியிட்டது. வாடிக்கையாளர்களுக்காகப் போட்டியாளர்களோடு மோதிக்கொண்டிருந்த வணிக ராக்கெட் அது. அப்படியிருந்தும் வெளியிட்டார்கள். இன்று உலகெங்கும் மென்பொருள் படிக்கிற பிள்ளைகள் அந்த அறிக்கையைப் பாடமாகப் படிக்கிறார்கள்.

இரண்டாவது நம்முடையது. வழிகாட்டும் செயற்கைக்கோள் ஐஆர்என்எஸ்எஸ்-1ஏ 2013 ஜூலையில் மேலே போனது. அதற்கு உயிர் அணுக் கடிகாரம். நேரம் தப்பினால் இடம் தப்பும். ஒன்று போனால் மற்றொன்று உதவட்டும் என்று மூன்று கடிகாரங்கள் வைத்தார்கள். மூன்றும் நின்றுபோயின. மூன்றும் ஒரே வகை, ஒரே இடத்தில் வாங்கியவை. ஒரே விதைநெல்லை மூன்று குதிரில் போட்டு வைத்தால் பூச்சிக்கு மூன்று குதிரும் ஒன்றுதான். அதற்கு மாற்றாக 2017 ஆகஸ்ட் 31இல் அனுப்பிய கோளோ, ராக்கெட்டின் வெப்பக் கவசம் பிரியாததால் உள்ளேயே சிக்கிக்கொண்டது. ஐரோப்பாவின் கலிலியோ கோள்களிலும் அதே தயாரிப்பாளரின் கடிகாரங்கள் பழுதாயின. யாருக்கு எது பழுதானது என்பது வெளியே தெரிந்தால்தான் அடுத்தவர் பிழைக்க முடியும்.

இந்த இரண்டு கதைகளும் ஒன்றைத்தான் சொல்கின்றன. ஒரே மாதிரி நினைக்கிற இரண்டு கணினி காவல் ஆகாது. ஒரே மாதிரிப் பழுதாகிற மூன்று கடிகாரம் காவல் ஆகாது. அதேபோல, செய்தவர்களும் சோதித்தவர்களும் விசாரித்தவர்களும் ஒரே கூரையின் கீழ் ஒரே பழக்கத்தில் வளர்ந்தவர்களாக இருந்தால், அவர்கள் எத்தனை பேர் பார்த்தாலும் ஒரு ஜோடிக் கண் பார்த்ததாகத்தான் கணக்கு. வெளிக் கண் வேண்டும். அறிக்கையை வெளியிடுவது மக்களுக்குக் காட்டுகிற மரியாதை. அதோடு, அது பொறியியலின் கடைசிச் சோதனையும்கூட. அந்தச் சோதனையைத் தவிர்த்துவிட்டு ஏவுதளத்துக்குப் போவது, அதிர்வு மேடையில் ஏற்றாமல் செயற்கைக்கோளை அனுப்புவதற்குச் சமம்.

இஸ்ரோவுக்கு இது தெரியாததல்ல. 2022 ஆகஸ்ட் 7இல் எஸ்எஸ்எல்வி என்ற புதிய சிறிய ராக்கெட் முதல் பயணத்தில் தோற்றது. நாடு முழுவதும் 75 அரசுப் பள்ளிகளின் 750 மாணவிகள் பங்கெடுத்துச் செய்த ஆசாதிசாட் அதில் இருந்தது. 356 கிலோமீட்டர் உயரத்தில் வட்டமாகச் சுற்ற வேண்டியது, ஒரு பக்கம் 76 கிலோமீட்டர்வரை தாழ்ந்த பாதையில் விடப்பட்டு விழுந்தது. என்ன நடந்தது என்று இஸ்ரோ விவரமாகவே சொன்னது. இரண்டாம் அடுக்கு பிரியும்போது உண்டான அதிர்வு கணித்ததைவிடச் சற்றே அதிக நேரம் நீடித்தது. உணர்கருவிகள் திணறின. கருவி கெட்டுவிட்டது என்று மென்பொருள் தவறாக முடிவு செய்து மாற்று வழிக்குப் போய்விட்டது. காவலுக்கு வைத்த ஏற்பாடே ராக்கெட்டை வீழ்த்தியது என்பதை ஒளிக்காமல் சொன்னார்கள். அதைத் திருத்தினார்கள். 2023 பிப்ரவரி 10இல் எஸ்எஸ்எல்வி இரண்டாம் முறை பறந்து வென்றது. மாணவிகளின் ஆசாதிசாட்-2 அதிலேயே போனது. தங்கள் முதல் கோள் ஏன் விழுந்தது என்று அந்தப் பெண் பிள்ளைகள் கேட்டால், கையில் கொடுக்க ஒரு பதில் இருந்தது.

சி62இல் தங்கள் கலத்தை இழந்தவர்களுக்கு அந்தப் பதில் முன்கூட்டியே கிடைக்கவில்லை. சி61 ஏன் விழுந்தது என்ற விவரம் மேசை மேல் இருந்திருந்தால், தங்கள் உழைப்பை அதே வகை ராக்கெட்டில் ஏற்றலாமா வேண்டாமா என்று அவர்கள் தாங்களே முடிவு செய்திருப்பார்கள். ஒருவேளை ஏற்றித்தான் இருப்பார்கள். ஆனால் தெரிந்து ஏற்றுவது வேறு, தெரியாமல் ஏற்றுவது வேறு. இரண்டு தோல்விகளுக்கும் காரணம் ஒன்றுதான் என்று நாம் சொல்லவில்லை. அறிக்கை வெளிவந்திருந்தால் இரண்டாவது தவிர்ந்திருக்கும் என்றும் அடித்துச் சொல்லவில்லை. கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்கும் வாய்ப்பே வெளியில் ஒருவருக்கும் தரப்படவில்லை என்பதுதான் நம் குற்றச்சாட்டு.

எதிர்வாதங்களைத் தட்டிக் கழிக்க மாட்டோம். திட எரிபொருள் மோட்டார் பாதுகாப்போடு தொடர்புடைய நுட்பம் என்பார்கள். உண்மை. வரைபடத்தையும் எரிபொருள் கலவையையும் யாரும் கேட்கவில்லை. எங்கே பழுது, ஏன் சோதனையில் பிடிபடவில்லை, என்ன திருத்தினீர்கள் என்ற மூன்றுக்கும் ரகசியம் கெடாமல் பதில் சொல்லலாம். எஸ்எஸ்எல்விக்குச் சொன்னார்களே. வணிகப் பெயர் கெடும் என்பார்கள். தோல்வியைச் சொன்ன ஏரியன்-5 பிறகு இருபது ஆண்டுகளுக்கு மேல் உலகின் நம்பிக்கையான ராக்கெட்டுகளில் ஒன்றாகப் பறந்தது. விஞ்ஞானிகளின் மனம் உடையும் என்பார்கள். இந்த வாதம்தான் நமக்கு அதிக வருத்தம் தருகிறது. தூசி புகாத அறையில், மணிக்கட்டில் நிலைமின்சாரத்தை வடிக்கிற பட்டையோடு உட்கார்ந்து ஒரு திருகாணியை அளந்து முறுக்குகிற தொழில்நுட்பர், தான் முறுக்கியதை இன்னொருவர் சரிபார்த்துக் கையெழுத்திடும்வரை அடுத்த திருகாணியைத் தொடுவதில்லை. தன் வேலையை அடுத்தவர் சந்தேகப்படுவதை அவமானமாக எடுத்துக்கொள்ளாத மனிதர்கள் அவர்கள். அவர்கள் மனம் உடையாது. உடைவதெல்லாம் மேலே நாற்காலியில் இருப்பவர்களின் கௌரவம்.

நம் கூட்டேரிப்பட்டு நான்கு ரோட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். சென்னைக்கும் திருச்சிக்கும் இடையே விரைகிற வண்டிகளும், மயிலத்துக்கும் புதுச்சேரிக்கும் திரும்புகிற பஸ்களும், சந்தைக்கு ஆட்டை ஓட்டி வருகிறவரும், பள்ளிப் பிள்ளைகளும் ஒரே இடத்தில் குறுக்கிட்ட சந்திப்பு இது. நெடுஞ்சாலை நல்ல சாலைதான். கிராமச் சாலையும் நல்ல சாலைதான். ஆபத்து இரண்டும் சேருமிடத்தில் இருந்தது. அதை ஊர்க்காரர்கள் பல காலம் சொல்லிச் சொல்லி, மேம்பாலம் கேட்டுக் கேட்டுத்தான் வேலை நடந்தது. விபத்தின் காரணத்தை ஊரே பேசியதால் நடந்தது. அந்தப் பேச்சை யாராவது கோப்பில் போட்டுப் பூட்டியிருந்தால் இன்றும் சாலையைக் கடக்க உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் நிற்போம்.

ஆகவே நாம் கேட்பது இவை. பிஎஸ்எல்வி-சி61, சி62 இரண்டின் விசாரணை முடிவுகளும், பாதுகாப்புக்கு உரிய பகுதிகளை நீக்கிவிட்டு, தமிழ் உட்பட மக்கள் மொழிகளில் வெளிவர வேண்டும். இனி எந்தத் தோல்விக்கும் அறிக்கை வெளியிடக் கெடு வேண்டும். அது வெளிவராமல் அதே வகை ராக்கெட் ஏவுதளம் ஏறக் கூடாது. விசாரணைக் குழுவில் இஸ்ரோவின் சம்பளப் பட்டியலில் இல்லாதவர்கள் கட்டாயம் இருக்க வேண்டும். இதை அதிகாரிகளின் விருப்பத்துக்கு விடாமல் நாடாளுமன்றம் சட்டமாக்க வேண்டும்.

இஸ்ரோவின் இன்றைய தலைவர் வி. நாராயணன் கன்னியாகுமரி மாவட்டத்துக் கிராமத்திலிருந்து வந்தவர். சந்திரயான்-2 ஏன் மோதியது என்று ஆராய்ந்த தேசிய நிபுணர் குழுவுக்குத் தலைமை தாங்கியவரும் அவரே. தவற்றைத் தோண்டி எடுத்ததால்தான் நிலவில் கால் ஊன்ற முடிந்தது என்பதை அவரைவிட அறிந்தவர் இந்த நாட்டில் இருக்க முடியாது. அந்த விக்ரமின் சிதறலை நிலவுப் படங்களில் தேடிக் கண்டுபிடித்தவர் இஸ்ரோவுக்கு வெளியே இருந்த ஒரு தமிழ் இளைஞர், பொறியாளர் சண்முக சுப்பிரமணியன் என்பதும் அவருக்குத் தெரியும். நாசா பொதுவில் வைத்த படங்களைப் பார்த்தே அவர் கண்டுபிடித்தார். திறந்து வைத்தால் வெளிக் கண் உதவும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

அடுத்த புயல் எந்த ஆண்டு வரும் என்று தெரியாது. வரும் என்பது தெரியும். அன்று இருட்டில், மேகத்துக்கு அடியில் கிடக்கிற மயிலத்தை யாராவது மேலிருந்து பார்க்க வேண்டும். மரக்காணத்திலிருந்து கடலுக்குப் போன படகுகளுக்கு யாராவது சேதி சொல்ல வேண்டும். மல்லாட்டைக் கொல்லை முழுகியது உண்மைதான் என்று நிவாரணக் கணக்கு எழுதுகிறவருக்கு ஒரு படம் சாட்சி சொல்ல வேண்டும். அந்த வேலைக்கான கண் கடலில் விழுந்துவிட்டது. ஏன் விழுந்தது என்று கேட்பது நம் உரிமை.

தேரோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. கட்டை நழுவினால், போட்டவர் உடனே உரக்கக் கத்திவிடுவார். யாரும் அவரைக் குற்றம் சொல்வதில்லை. அந்தச் சத்தம் கேட்டதும் வடம் பிடித்த ஆயிரம் பேரும் நின்றுவிடுவார்கள். சக்கரத்தடியில் என்ன நடக்கிறது என்று வடம் பிடித்தவருக்குத் தெரியாது. அந்தக் குரல்தான் அவருக்குக் காவல். இஸ்ரோவின் வடத்தைப் பிடித்திருப்பவர்கள் நாம். கட்டை இரண்டு முறை நழுவிவிட்டது. குரல் வர வேண்டும்.